குறைந்ததை நிரப்பாமல்

எல்லீஸ் நகர், மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
பிரெஞ்சு வாத்தியார் ரெமிஜியுஸ்
ஐந்து பாட்டில்களுக்குப் பழுப்பு அட்டை போட்டு
பள்ளிக்கூட நோட்டு மாதிரி அடுக்கியிருந்தார்.
சட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு
சுங்கத்தில் தீர்வையும் கட்டிக்
கொண்டுவந்தாராம்.
ஜெசிந்தா அதை இரண்டு முறை சொன்னாள்.

என்னைக் கூப்பிட்டது என் தொழிலுக்காக.
மாட்டுத்தாவணியில் திராட்சைக் கமிஷன் மண்டி.
கம்பத்துப் பன்னீர் வந்து இறங்கினால்
தார்ப்பாய் அவிழுமுன்பே
எந்தப் பெட்டி புளித்ததென்று சொல்லிவிடுவேன்.
பெயர் கேட்டார்கள்.
மூக்கையா என்றேன்.
சிரித்தார்கள். நானும்தான்.

முதலில் ஜாக்கேர்.
மலையடிவாரத்து வெள்ளை, என்றார்.
நுங்கு தோண்டிய பிறகு
விரலில் மிஞ்சுமே ஈரம்,
அதற்குமேல் ஒன்றுமில்லை.
அதற்குமேல் எதற்கு என்றும் இருந்தது.

அடுத்தது பூல்சார்.
சாயக்கடை ரெங்காராம் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி
‘ஒரு முக்குகூட ஒழுங்கா விழலியே’ என்றார்.
தெளிந்த ரசத்தின் நிறம்.
ஆனால் உள்ளே,
வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று
பாலத்தின் மேல் நம்மை நிறுத்தும் அந்த வாடை.

நெக்ரெத்துக்கு வயலெட் பூ மணம் என்றார் வாத்தியார்.
பூவை மூட்டையில் கட்டி
விமானம் ஏற்றும் ஊரில் உட்கார்ந்துகொண்டு
ஒரு பூவுக்கு முழித்தோம்.
ரெங்காராம் நாக்கை நீட்டிக் காட்டினார்:
நாவற்பழம். முடிந்தது வழக்கு.

தன்னா என்ற பேரைக் கேட்டு
‘தண்ணியா?’ என்று கேலி செய்த ஜெசிந்தா
ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசவில்லை.
வெகு நேரம் கழித்து
‘கடுக்காய்’ என்றாள்.

அப்போது கரண்ட் போனது.
பால் தூக்கில் ஐஸ் உருகும் சத்தம்.
இருட்டில் வாத்தியார் சொன்னார்:
வேரைத் தின்னும் பூச்சி ஒன்று வந்ததாம்,
காடு காடாய்க் கொடி செத்ததாம்.
பிறகு நட்டதெல்லாம் விலைபோகும் சாதியாம்.
இவை, மதிப்பில்லை என்று
யாரும் திரும்பிப் பார்க்காத ஓரங்களில்
எப்படியோ தப்பினவையாம்.

என் கை தானாக மேலே போனது.
வலது மூக்கில் கடுகளவு தழும்பு.
எனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை.
மூன்றாவதைக் குப்பையில் போட்டு எடுத்தார்கள்,
தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள்,
மூக்கைக் குத்திப் பேரும் வைத்தார்கள்,
எமன் பார்த்தால்
கழிவுச் சரக்கென்று தள்ளிவிட்டுப் போகட்டும் என்று.
இதை அங்கே சொல்லவில்லை.

கடைசி பாட்டில் குட்டை. சவன்யாங்.
‘பீப்பாயில் கிடந்தால் ஆவியாகிக் குறையும்,
எல்லோரும் மேலே மேலே ஊற்றுவார்கள்.
இதில் மட்டும்
குறைந்ததை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள்,
ஆறு வருஷத்துக்கும் மேல்.
மேலே ஓர் ஆடை படரும்.
அதன் கீழே அது தானாகவே...’
வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை,
சொல் அகப்படவில்லை போல.

இருட்டில் முகர்ந்தேன்.
வெந்தயம், என்றேன்.
வறுத்தது. கருகுமுன் இறக்கியது.

வாத்தியார் ஃபோன் வெளிச்சத்தில்
தன் நோட்டைப் புரட்டி
ஒரு பிரெஞ்சுச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.
‘எழுதியிருக்கு மூக்கையா’ என்றார்.
இந்த முறை பேரைக் கேட்டு
யாரும் சிரிக்கவில்லை.

படியிறங்கும்போது நாக்கில் அது இருந்தது,
நான்காவது திருப்பத்திலும்,
பைக்கை உதைக்கும்போதும்.
அந்த இருவருக்குப்
பெயர் வைத்திருந்தார்களா என்று
இதுவரை நான் கேட்டதில்லை.

விடியற்காலை மூன்றுக்குக் கம்பம் லாரி.
தார்ப்பாய் அவிழுமுன்பே தெரிந்தது:
இடது ஓரம், அடியில், ஒரு பெட்டி.
வழக்கமாகச் சாக்கடையில் கொட்டச் சொல்வேன்.
கூலியாள் கேட்டான், ‘கொட்டிறவா?’
அங்கேயே இருக்கட்டும் என்றேன்,
தராசுக்குப் பக்கத்தில்.